எங்கள் வார்டு பகுதி சபை: மூன்று கூட்டம் போய் வந்தவனின் ரிவ்யூ

முதலில் ஸ்டாரைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. முதல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று கேட்டிருந்தால் ஒன்றுதான் கொடுத்திருப்பேன், அதுவும் அவர்கள் கொடுத்த டீக்காக. ஏலக்காய் போட்டு நன்றாகவே இருந்தது.

எங்கள் ஊர் சின்ன நகராட்சி. பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து ஒரு சைக்கிளில் சுற்றினால் அரை மணியில் ஊர் முடிந்து வயல் வந்துவிடும். ஊர்ப் பெயரைப் போட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் சுற்றும், வேண்டாம்.

பகுதி சபை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள். கிராமத்தில் கிராம சபை இருப்பது மாதிரி, டவுனில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரும் உட்கார்ந்து நகராட்சிக்காரர்களிடம் நேரடியாகப் பேசுகிற கூட்டம். என் மச்சான் கிராமத்தில் இருக்கிறான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று தேதி வந்தால் போதும், "இன்னைக்கு கிராம சபையில பி.டி.ஓ.வையே கேட்டுட்டேன்" என்று போன் போட்டுப் பெருமை அடிப்பான். நாங்கள் டவுன்காரர்கள், வரி மட்டும் அவனைவிட அதிகம் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அரசியல் சட்டத்தில் வார்டு கமிட்டி (கவுன்சிலரோடு சேர்ந்து வார்டு விஷயங்களைப் பார்க்கிற குழு) கட்டாயம் என்று இருப்பதே 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்குத்தான், எங்களை மாதிரி குட்டி ஊருக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2022-ல்தான் வார்டு கமிட்டி, பகுதி சபை இரண்டுக்கும் விதிமுறை வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தன்று பம்மலில், தாம்பரம் மாநகராட்சி 6-வது வார்டில், முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். டிவியில் பார்த்தபோது நமக்கும் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் வந்ததே எனக்குத் தெரியாது.

அதுதான் முதல் குறை. அறிவிப்பு. ரேஷன் கடைச் சுவரில் ஏ4 தாளில் ஒரு நோட்டீஸ், அதன் மேல் பாதி மறைகிற மாதிரி காதுகுத்து ஃபிளக்ஸ். குப்பை வண்டியில் வரும் அக்கா சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. நேரம் வேலை நாளில் காலை பத்தரை. அந்த நேரத்தில் யார் வர முடியும்? பென்ஷன் வாங்குபவர்கள், மகளிர் குழுப் பெண்கள், கட்சிக்காரர்கள், அப்புறம் என்னை மாதிரி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிற ஒன்றிரண்டு பேர். அங்கன்வாடிக்கு எதிரே ஷாமியானா, நாற்பது நாற்காலி, அதில் உட்கார்ந்தது இருபத்தாறு பேர் (வேறு வேலை இல்லாததால் எண்ணினேன்). பத்தரைக்குச் சொன்னது பதினொன்று நாற்பதுக்கு ஆரம்பித்தது. மைக் டெஸ்டிங் மட்டும் சரியாகப் பத்தரைக்கு நடந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்களுக்கும் கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. 2011 அக்டோபரில் நடந்த தேர்தலில் வந்த கவுன்சிலர்களின் காலம் 2016-ல் முடிந்தது, அப்புறம் 2022 பிப்ரவரி வரைக்கும் தேர்தலே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது என்பதே ஒரு தலைமுறைக்கு மறந்துவிட்டது. ஒன்று எம்.எல்.ஏ. ஆபீஸ், இல்லையென்றால் விதி.

முதல் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேன். "எங்க தெருவுல மழை பெஞ்சா தண்ணி நிக்குது, கொசு, காய்ச்சல், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக முடியல, எத்தனை வருஷமா சொல்றோம்" என்று மூன்று நிமிஷம். கைதட்டல்கூட வந்தது. மேடையில் இருந்த அலுவலர் "நோட் பண்ணிக்கிட்டோம் சார்" என்றார். நான் பார்த்தேன், அவர் கையில் பேனாவே இல்லை.

எனக்கு அடுத்து எழுந்தவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர், எங்கள் பின் தெரு. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். இந்தத் தெரு, இத்தனையாவது நம்பர் கம்பம், விளக்கு எரியவில்லை. அதற்கு நாலு கம்பம் தள்ளி பகலிலும் எரிகிறது. மூன்றாவது சந்தில் கம்பமே இருக்கிறது, விளக்கு மாட்டவே இல்லை. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். முப்பது செகண்ட் இருக்கும். நாலாவது நாள் மூன்று இடத்திலும் வேலை முடிந்துவிட்டது. என் தெருத் தண்ணீர் அப்படியே நின்றது. கோபமாகப் போய் அவரிடம் கேட்டேன். "நீ பேசுனது மேடைப் பேச்சு தம்பி, நான் கொடுத்தது வேலை. வேலையைக் கொடுத்தாத்தான செய்வான்" என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனால் சரி.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் தயாராகப் போனேன். ஆனால் அங்கே நடந்தது வேறு.

எங்கள் தெருவுக்குப் புதுத் தார் ரோடு போட எஸ்டிமேட் போட்டிருப்பதாக ஓவர்சியர் சொன்னார். கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா 1994-ல் வீடு கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். முதல் படி போனது, இரண்டாவது போனது, இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கி வருகிறோம். ஐப்பசி மழையில் வாசலில் மணல் மூட்டை அடுக்குவது எங்கள் வீட்டில் தீபாவளிச் சம்பிரதாயம் மாதிரி ஆகிவிட்டது. புதிதாகப் போட்டால் இன்னும் ரெண்டு இன்ச் ஏறும்.

நான் கேட்டேன்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவீர்களா? 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதைத்தானே எல்லா துறைக்கும் உத்தரவாகப் போட்டார், வீடுகள் பள்ளமாகக் கூடாது, மேல் தளத்தை அகற்றிவிட்டு அதே மட்டத்துக்குத்தான் ரோடு போட வேண்டும் என்று? ஓவர்சியர் தலையை ஆட்டினார். "மில்லிங் பண்ணணும் சார், ஆமா." ஆனால் எஸ்டிமேட்டில் அது இருக்கிறதா என்பதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை.

இதுவரைக்கும் மக்கள் ஒரு பக்கம், நகராட்சி ஒரு பக்கம் என்று போய்க்கொண்டிருந்த கதை. இங்கேதான் திரும்பியது. தெருக் கோடியில் புதிதாக மாடி வீடு கட்டியவர் எழுந்தார். "மில்லிங் மெஷினுக்குக் காத்துக்கிட்டு இருந்தா ரோடு அடுத்த வருஷம்தான். போடுறவங்களைப் போட விடுங்க. வீட்டை உசத்திக் கட்டாதது அவங்கவங்க பிரச்சினை." அவர் வீட்டு பேஸ்மென்ட் நாலு அடி உயரம், அவருக்கு என்ன. பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பக்கம், உயர்த்திக் கட்டியவர்கள் ஒரு பக்கம், நடுவில் வாடகைக்கு இருப்பவர்கள் "ஏதோ ஒண்ணு போட்டா சரி" என்று. இருபது நிமிஷம் சத்தம். மக்கள் கோரிக்கை, மக்கள் கோரிக்கை என்று எல்லோரும் சொல்கிறோமே, எங்கள் தெருவில் மட்டும் மூன்று கோரிக்கை இருந்தது, ஒன்றுக்கொன்று எதிராக. அன்றைக்கு நகராட்சிக்காரர்கள்தான் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் கவுன்சிலர் பெண். முதல் முறையாக ஜெயித்தவர். முதல் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டு எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், இது பல ஊரில் இருக்கிற கூத்துதான். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தாயிற்று, மைக் யார் கையில் என்று சட்டத்தில் எழுதவில்லை. ஆனால் இரண்டாவது கூட்டத்தில், இந்தச் சத்தத்துக்கு நடுவில், அந்த அம்மா கணவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "சும்மா கத்திக்கிட்டு இருந்தா ஆகாது. நடங்க, அளந்து பார்த்துடலாம்" என்றார்.

உண்மையாகவே போனோம். கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு பத்துப் பதினைந்து பேர் தெருவுக்கு நடந்தோம். ஓவர்சியர் டேப்பைப் பிடித்தார், நான் மறுமுனையை எங்கள் வாசற்படியில் அழுத்திக்கொண்டேன், ரோட்டின் மேல் ஒரு பலகையைக் கிடத்தி நேர் பார்த்தார்கள். பதினாலு இன்ச். எங்கள் வீட்டு வாசல் ரோட்டுக்குப் பதினாலு இன்ச் கீழே. அடுத்த வீட்டுப் பாட்டிக்கு பதினாறு. அந்தப் பாட்டி யாரையும் திட்டவில்லை, "இதுக்கு மேல எங்க இறங்குறது, குழிக்குள்ளதான் இறங்கணும்" என்று மட்டும் சொன்னார். மாடி வீட்டுக்காரர் அதற்கப்புறம் பேசவில்லை. மில்லிங் செய்துதான் போடுவது என்று அங்கேயே, தெருவில் நின்றபடியே முடிவானது. என் மனைவி கரித்துண்டை எடுத்து நிலைக்குப் பக்கத்துச் சுவரில் "14 இன்ச்" என்று எழுதி தேதியும் போட்டுவைத்தாள்.

அன்றைக்கு நான் நாலு ஸ்டார் கொடுக்கத் தயார்.

அப்புறம் ஏன் மூன்று என்றால், மினிட் புத்தகம். கூட்டத்தில் என்ன பேசினாலும், கடைசியில் தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் கூட்டம். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்புறம் எழுதிக்கொள்கிறார்கள், நாமும் டீ ஆறிவிடும் என்று போட்டுவிட்டு வருகிறோம். எனக்குச் சந்தேகம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கூட்டத்தின் பதிவைக் கேட்டேன். முப்பது நாளில் தர வேண்டும், இருபத்தெட்டாவது நாள் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், இரண்டு பக்கம், நாலு ரூபாய். நாங்கள் தெருவில் இறங்கி டேப் பிடித்து அளந்த அந்த ஒரு மணி நேரம் இப்படி இருந்தது: "சாலை மேம்பாடு குறித்து விவாதிக்கப்பட்டது." அவ்வளவுதான். மில்லிங் இல்லை, பதினாலு இல்லை, பதினாறு இல்லை. டேப்பும் இல்லை.

யாரும் வேண்டுமென்று ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுதுகிறவருக்கு அது வழக்கமான வரி. எல்லாக் கூட்டத்துக்கும் அதே வரியைத்தான் எழுதுவார் போல. ஆனால் நாளைக்கு கான்ட்ராக்டர் வந்து பழைய தார் மேலேயே கொட்டினால் நான் எதைக் காட்டுவது?

மூன்றாவது கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன், தண்ணீரையோ கொசுவையோ பற்றிப் பேசவே இல்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள் என்றேன். "அப்படி வழக்கம் இல்லையே" என்றார்கள். மின்வாரியப் பெரியவர் எழுந்து "வழக்கமா இது என்ன கோயிலா" என்று கேட்டார், சிரித்துவிட்டார்கள். கவுன்சிலரும் படிக்கச் சொன்னார். படித்தார்கள். மூன்று இடத்தில் திருத்தம் வந்தது. எங்கள் தெரு விஷயம் இப்போது "பழைய தார்த்தளத்தை மில்லிங் செய்து அகற்றிய பின், வீடுகளின் வாசல் மட்டத்தைக் கணக்கில் கொண்டு" என்று இருக்கிறது. நான் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

பணம் பற்றி. இதில் அந்த ஓவர்சியருக்குத் தனியாக ஒரு நன்றி. "கோடி கோடியா ஃபண்ட் வருதே, எங்க போச்சு" என்று ஒருவர் கேட்க, அவர் கோபப்படாமல் பத்து நிமிஷம் விளக்கினார். மத்திய அரசு தந்த அப்போதைய 15-வது நிதிக்குழு மானியத்தில் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வருவதில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்கும்தான் செலவழிக்க முடியும், அதை எடுத்து ரோடு போட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள். மீதியிலும் வரியிலும்தான் மற்றதெல்லாம். 2022-ல் சொத்து வரி ஏறியதே, 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், என் வீடு அதற்கு அடுத்த படி, 50 சதவீதம் ஏறியது, 1,800-க்கு மேல் இருந்தவர்களுக்கு இரட்டிப்பு. அந்த ஏற்றத்தைத்தான் நம்பி இருக்கிறோம் என்றார். வரி கட்டுகிற நமக்கு இதை யாராவது இதற்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா? எனக்கு இல்லை. (ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பதும் அங்கேதான் தெரிந்தது. இத்தனை வருஷம் விட்டிருக்கிறேன்.)

பூங்காச் சுவருக்கு நமக்கு நாமே திட்டத்தில் போகலாம், மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு தரும் என்றார்கள். "வரியும் கட்டி பங்கும் கட்டணுமா" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பணக்காரத் தெரு தன் பங்கைப் போட்டு சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், இந்தப் பாட்டி தெரு என்ன செய்யும்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, தள்ளிவைத்தார்கள்.

இந்தச் சபையின் பெரிய ஓட்டை இதுதான். கேட்கலாம், பதிவு செய்யலாம், ஒரு ரூபாயைக்கூட இங்கே போடு என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் ஆரம்பித்தபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டம் கூட்டச் சொன்னார்கள். பணம் மேஜையில் இருந்தால் ஆள் தானாக வருவான். இங்கே நாற்பது நாற்காலிக்கு இருபத்தாறு பேர்.

நாய்ப் பிரச்சினைக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி போகிறது. எங்காவது பிடித்துக்கொண்டுபோய் விடுங்கள் என்று மக்கள் சொல்வார்கள், 2023 விதிப்படி கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று நகராட்சிக்காரர்கள் சொல்வார்கள், மக்கள் திரும்பவும் பிடித்துக்கொண்டுபோய் விடுங்கள் என்பார்கள். அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் குப்பை பற்றிப் பேசும்போது வெளியே போகாதீர்கள். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் "வண்டி தினமும் வர்றதில்லை" என்று முடித்த பிறகு, யாரோ பின்னால் நின்றுகொண்டிருந்த குப்பை வண்டி அக்காவைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கை வாங்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. "மக்குற குப்பைன்னு கொடுக்குறாங்க, உள்ள கை விட்டா பிளேடு." பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016-லேயே விதி. அந்த விதியில் மூன்று வகை: மக்குவது, மக்காதது, பிளேடு, ஊசி மாதிரி ஆபத்தானது தனி. என் வீட்டிலும் அன்றைக்கு வரைக்கும் எல்லாம் ஒரே கவர்தான், பொய் சொல்வானேன். அந்த விரலைப் பார்த்த பிறகு ஷேவிங் பிளேடைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதிக் கொடுக்கிறேன்.

போகலாமா என்று கேட்டால், போங்கள். கம்ப நம்பர், தெருப் பெயர், போட்டோ, எழுதிய மனு இரண்டு காப்பி, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பேசுவதைக் குறையுங்கள். முடியும்போது பதிவேட்டைப் படிக்கச் சொல்லுங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். அது நடந்தால் அரை ஸ்டார் ஏற்றிவிடுகிறேன்.

ரோடு இன்னும் போடவில்லை. டெண்டரில் இருக்கிறது என்கிறார்கள். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம், நிலைக்குப் பக்கத்தில் கரியில் எழுதிய "14 இன்ச்" இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டாள் என் மனைவி. பெயின்டர் ஒரு மாதிரி பார்த்தார்.